முதல் சிவப்பு வரி

அஸருக்குப் பிறகு தூறல் விட்டிருந்தது. வத்தேகம பஸ் மடவளை பஸாரைக் கடக்கிற ஹோர்ன் சத்தம் முற்றம் வரை கேட்டது. தாத்தாவின் மகன் (எங்கள் வீடுகளில் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம்) லெப்டொப்பை மூடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறி வந்தான். உயர்தரம் படிக்கிற பிள்ளை. கேம் ஒன்றை விளையாடியது போதாமல், அதன் சோர்ஸ் கோடை எடுத்துத் தானே கம்பைல் பண்ணிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான்.

"மாமா, ரெண்டு நாளா இதே கதைதான். அது இல்ல, இது இல்லண்டு நிண்டுடுது. ஆனா எல்லாம் ஈக்கி."

உம்மா பிளேன்டீயும் கித்துல் கருப்பட்டித் துண்டுகளும் கொண்டுவந்து வைத்தார். "முதல்ல டீயக் குடி" என்றேன். அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஏனென்றால் இதே இடத்தில் மனம் விட்டு, "இது நமக்குச் சரிவராது" என்று எழுந்து போன பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுந்து போன இடம் கஷ்டமான இடமே இல்லை. யாரும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்காத இடம், அவ்வளவுதான்.

அவன் எடுத்த கேம் சூப்பர்டக்ஸ்கார்ட். லினக்ஸின் சின்னமான டக்ஸ் பென்குயினும் கூட்டாளிகளும் குட்டிக் கார்களில் ஓட்டுகிற பந்தயம். ஸ்டீவ் பேக்கர் என்பவர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய டக்ஸ்கார்ட்டைப் பிறகு வேறு ஆட்கள் கையில் எடுத்து வளர்த்தார்கள். 2019இல் 1.0 பதிப்பு வந்தது. காசில்லை, சோர்ஸ் முழுவதும் திறந்து கிடக்கிறது. அவன் வைத்திருக்கிற உபுண்டு லினக்ஸில் ஒரே கட்டளையில் இன்ஸ்டோல் ஆகிவிடும். ஆனாலும் அவனுக்கு அது வேண்டாம், உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆசையைக் கெடுக்கக்கூடாது.

ஸ்கிரீனில் கடைசி வரியைக் காட்டினான். கொன்ஃபிகர் பண்ணுவது முடியவில்லை, பிழைகள் உள்ளன என்று மட்டும் இருந்தது. இரண்டு நாளாக அந்த வரியைத்தான் இணையத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த வரி எதற்கும் உதவாது. காய்ச்சல் என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பது போல. மேலே போகச் சொன்னேன். பச்சையும் வெள்ளையுமாக ஓடிய வரிகளைக் கடந்து, முதன்முதலாக எங்கே சிவப்பு வருகிறதோ அங்கே நிறுத்தச் சொன்னேன். கீழே உள்ள பிழைகளில் பாதி அந்த முதல் பிழையின் பிள்ளைகள். முதலாவதைத் தீர்த்தால் மற்றவை பெரும்பாலும் தாமாக மறைந்துவிடும்.

முதல் சிவப்பு வரி இப்படிச் சொன்னது: குட் நொட் ஃபைண்ட் ஓபன்ஏஎல். அதோடு அடைப்புக்குறிக்குள், காணாமற்போனவை என்று இரண்டு பெயர்: ஓபன்ஏஎல் லைப்ரரி, ஓபன்ஏஎல் இன்குளூட் டைரக்டரி.

"அதுதான் மாமா! ஓபன்ஏஎல் ஈக்கி. கேம்ல சவுண்டு வருதே."

அவன் சொன்னது பொய்யில்லை. இந்த விஷயத்தின் நடு முடிச்சே இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று போவோம்.

பஸாரில் ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் குசினி. கொத்து அடிக்கிறார்கள், ரொட்டி போடுகிறார்கள். முன்னால் ஒரு பலகையில் என்னென்ன கிடைக்கும், எந்தப் பெயரில் கேட்க வேண்டும், கோழி வேண்டுமா முட்டை போதுமா என்று எழுதியிருக்கிறது. ஏற்கெனவே சொல்லிவைத்த சாப்பாட்டை எடுத்துப்போக வருகிறவருக்குப் பலகை தேவையில்லை, குசினி வேலை செய்தால் போதும். புதிதாக ஓடர் எழுதுகிறவருக்கோ பலகையைப் பார்க்காமல் ஒன்றும் எழுத முடியாது.

ஓபன்ஏஎல் போன்ற ஒரு லைப்ரரியும் அப்படி இரண்டு பாகம். வேலை செய்கிற பாகம் ஒன்று, அது டொட் எஸ்ஓ என்று முடிகிற ஃபைல், அதுதான் குசினி. இன்னொன்று ஹெடர், டொட் எச் என்று முடிகிற ஃபைல். இந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதற்கு இன்னின்ன கொடுக்க வேண்டும், இன்னது திரும்பி வரும் என்று மட்டும் சொல்கிற பலகை. ஓடுகிற கேமுக்குக் குசினி மட்டும் போதும். கம்பைல் பண்ணும்போது கம்பைலர் கேமின் கோடை வாசித்து, "இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறாயே, அது எப்படி இருக்கும்?" என்று பலகையைத் தேடும். உபுண்டுவும் அதற்குத் தாயான டெபியனும் இந்த இரண்டு பாகத்தையும் வேண்டுமென்றே இரண்டு பெக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கின்றன. விளையாடுகிற ஆட்களின் டிஸ்க்கை ஹெடர்களால் நிரப்ப வேண்டாம் என்பதற்காக. அவனிடம் இருந்தது லிப்ஓபன்ஏஎல்1. அவனுக்கு வேண்டியது லிப்ஓபன்ஏஎல்-டெவ். அந்த டெவ் என்ற வாலில்தான் இரண்டு நாள் போயிருக்கிறது.

"அப்ப இது எல்லாத்துக்குமா?" என்றான். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். முன்னால் லிப், நடுவில் பெயர், பின்னால் டெவ். ஆங்கிலச் சிறிய எழுத்தில் அப்படி எழுதினால் பத்தில் எட்டு முறை சரியாக வரும். ஸ்கிரீனையும் கீபோர்டையும் பார்த்துக்கொள்கிற எஸ்டிஎல்2, எழுத்து வடிவங்களுக்கு ஃப்ரீடைப், படங்களுக்கு பிஎன்ஜி, ஜேபெக், பாட்டுக்கு வோர்பிஸ் என்று இந்த கேம் கேட்பவை இந்த வழக்கத்திலேயே வரும். விதிவிலக்கும் உண்டு. ஃபைல்களைச் சுருக்கி விரிக்கிற ஸெட்லிப்பின் பெக்கேஜ் ஸெட்லிப்1ஜி-டெவ். இணையத் தொடர்புக்கான கேர்லைத் தேடினால் ஒன்றுக்கு மேற்பட்டவை வரும். அவை பின்னால் எந்தப் பாதுகாப்பு லைப்ரரியோடு சேர்ந்தவை என்பதில்தான் வேறுபடுகின்றன. சூப்பர்டக்ஸ்கார்ட்டுக்கு ஓபன்எஸ்எஸ்எல் என்று பெயரில் இருப்பதை எடுக்கலாம்.

இதில் நம்மூர்க்காரர் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று. முன்பு ஹந்தானை மலையின் பெயரிலேயே ஒரு லினக்ஸை இலங்கையர்கள் தொகுத்தார்கள், ஹந்தான லினக்ஸ். மாணவர்களை மனதில் வைத்துச் செய்தது. அதற்கு அடி ஃபெடோரா. ஃபெடோரா வழியில் வருகிறவற்றில் வால் டெவ் இல்லை, டெவெல். முன்னால் லிப் என்பதும் பல இடங்களில் இருக்காது. அதே ஓபன்ஏஎல் அங்கே ஓபன்ஏஎல்-சொஃப்ட்-டெவெல். எங்கோ எழுதியிருக்கிற கட்டளையை அப்படியே கொப்பி பண்ணி ஒட்டி, பெக்கேஜ் இல்லை என்று பதில் வந்தால், அது வேறு குடும்பத்து லினக்ஸுக்கு எழுதிய கட்டளையாக இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

பெயரை ஊகிக்க முடியாத இடத்தில் ஆப்ட்-ஃபைல் என்று ஒரு கருவி இருக்கிறது. அதை இன்ஸ்டோல் பண்ணி ஒருமுறை அப்டேட் கொடுத்துவிட்டால், நீங்கள் இன்னும் இறக்காத பெக்கேஜ்களுக்குள்ளும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும். கம்பைலர் ஏஎல் டொட் எச் இல்லை என்று சொன்னால், அந்த ஃபைல் பெயரையே கொடுங்கள். வருகிற பதில்களில் லிப்ஓபன்ஏஎல்-டெவ்வும் இருக்கும். நான் இதை முதன்முதலாகக் கண்ட நாளில், இருட்டு அறையில் சுவிட்சைக் கை தொட்டது போல இருந்தது.

சுருக்கு வழியும் உண்டு. பெக்கேஜ்களை இறக்குகிற கருவியான ஆப்ட்டிடம் பில்ட்-டெப் என்று சொல்லி கேமின் பெயரைக் கொடுத்தால், உபுண்டு தன்னிடம் உள்ள பதிப்பைக் கம்பைல் பண்ணத் தேவையான அத்தனையையும் ஒரே மூச்சில் இறக்கிக்கொடுக்கும். அவன் அதையும் செய்து பார்த்திருக்கிறான். டெப்-எஸ்ஆர்சி முகவரி போடு என்று சொல்லி நின்றிருக்கிறது. சோர்ஸ் பெக்கேஜ்களின் பட்டியலை உபுண்டு சாதாரணமாக மூடியே வைத்திருக்கும். சொஃப்ட்வெயர் அண்ட் அப்டேட்ஸ் என்ற ஜன்னலில் சோர்ஸ் கோட் என்ற கட்டத்தில் சரி போட்டு, அப்டேட் கொடுத்தால் திறந்துவிடும். உபுண்டுவில் உள்ளது பழைய பதிப்பு, நீங்கள் எடுத்தது புதியது என்றால் ஒன்றிரண்டு மீந்து நிற்கும். அவற்றை முதல் சிவப்பு வரியைப் பார்த்துக் கையால் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு இடத்தில் ஏமாந்துவிடக்கூடாது. எல்லா டெவ்வும் போட்டாயிற்று, ஆனாலும் எதையுமே காணவில்லை என்கிறதா? பிகேஜி-கொன்ஃபிக் இருக்கிறதா என்று பாருங்கள். லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுச் சொல்கிற சின்னக் கருவி அது. அது இல்லாவிட்டால், இருப்பவையும் இல்லாதவை போலத் தோன்றும். அதோடு கொன்ஃபிகர் பண்ணுகிற கருவியான சிமேக் முந்தைய தேடலின் முடிவுகளைத் தன் கேஷ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். புதிதாக ஒன்றைப் போட்ட பிறகும் பழைய பதிலே வந்தால், பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சோர்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

அவன் இரண்டாவது கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "ஒரு கேமுக்கு ஏன் மாமா இவ்வளவு?"

எங்கள் வீட்டிலிருந்து பொல்கொல்ல தூரமில்லை. 1976இல் அங்கே மகாவலிக்குக் குறுக்கே அணைக்கட்டுக் கட்டி, தண்ணீரின் ஒரு பங்கை மலைக்குள் சுரங்கம் வழியாக உக்குவெலைக்குத் திருப்பினார்கள். உக்குவெலையில் அது மின்சாரமாகிறது. பிறகு சுது கங்கையில் இறங்கி, அம்பன் கங்கைக்குப் போய், போவத்தென்னவில் தேங்கி, மறுபடியும் மின்சாரமாகி, வடக்கே வயல்களுக்குப் போகிறது. வயலில் நிற்கிற விவசாயிக்குப் பொல்கொல்ல கதவு தெரியாது. ஆனால் அவருடைய நாற்று அந்தக் கதவை நம்பித்தான் நிற்கிறது. சூப்பர்டக்ஸ்கார்ட் எழுதியவர்களும் ஒலியை எப்படி ஸ்பீக்கருக்கு அனுப்புவது, பிஎன்ஜி படத்தை எப்படி அவிழ்ப்பது என்று தாங்களே முதலிலிருந்து எழுதவில்லை. மேலே யாரோ கட்டிய கதவுகளைத் திறந்துகொண்டார்கள். அந்த லைப்ரரிகளும் வேறு லைப்ரரிகளை நம்புகின்றன. பிஎன்ஜி ஸெட்லிப்பை நம்புகிறது. ஆப்ட் அந்தச் சங்கிலி முழுவதையும் அறிந்திருப்பதால்தான் நாம் ஒன்றைக் கேட்க அது நாலைந்தை இறக்குகிறது.

அந்தக் கதவுகளைக் கட்டியவர்களின் கதையும் சொல்ல வேண்டியது. 1998இல் அமெரிக்காவில் லோகி சொஃப்ட்வெயர் என்று ஒரு சின்ன கம்பெனி தொடங்கியது. விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. அங்கே வேலை செய்த சாம் லன்டிங்கா எழுதியதுதான் எஸ்டிஎல். ஓபன்ஏஎல்லின் வேரும் அதே லோகியில்தான். கம்பெனி 2002 ஜனவரியில் மூடப்பட்டது. ஆனால் எஸ்டிஎல் திறந்த சோர்ஸாக இருந்ததால் சாகவில்லை. 2013இல் அதன் 2.0 பதிப்பு வந்தது, இன்றைக்கும் எண்ணற்ற கேம்கள் அதன்மேல் ஓடுகின்றன. மூடிப்போன ஒரு கம்பெனியின் உழைப்பு மடவளையில் ஒரு பிள்ளையின் லெப்டொப்பில் இல்லை என்று கேட்டு வாங்கப்படுகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் இந்த கேம் கேட்கிற லைப்ரரிகளில் என் மனதுக்கு நெருக்கமானது ஹார்ஃப்பஸ். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானிய கனடியர் வளர்த்தது. பெயரும் பாரசீகம்தான், திறந்த எழுத்து என்று பொருள். இது என்ன செய்கிறது என்று வாயால் சொன்னால் விளங்காது. அதனால் அவனுடைய மெஷினிலேயே லிப்ஹார்ஃப்பஸ்-பின் பெக்கேஜைப் போட்டு, அதோடு வருகிற எச்பி-வியூ கருவிக்கு ஒரு தமிழ் ஃபொன்டைக் கொடுத்து, மடவளை என்று எழுதச் சொன்னேன். சரியாக எழுதியது. பிறகு அதே சொல்லை, தமிழ் தெரிந்த ஷேப்பரை (எழுத்துகளை ஒழுங்காக அடுக்குகிற பகுதி அது) விட்டுவிட்டு ஃபோல்பேக் ஷேப்பரால் எழுதச் சொன்னேன். ம, ட, வ, ள எல்லாம் சரி. ஆனால் ளகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு பின்னால் போய் நின்றது.

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். கம்பியூட்டர் தமிழை நாம் உச்சரிக்கிற ஒழுங்கில் சேமிக்கிறது, முதலில் ள, பிறகு ஐ. ஆனால் எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். யாராவது அதைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். பொல்கொல்ல என்று எழுதினால் இன்னும் வேலை. ஒற்றைக் குறியாகச் சேமித்த ஒகரத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை முன்னாலும் மறு பாதியைப் பின்னாலும் வைக்க வேண்டும், அந்த ஒரே சொல்லில் இரண்டு முறை. இந்த வேலையைத்தான் ஹார்ஃப்பஸ் செய்கிறது. ஃபயர்ஃபொக்ஸ், குரோம், லிப்ரேஒஃபிஸ், அன்ட்ரோய்ட் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. போனில் நமக்கு வருகிற தமிழ்ச் செய்தி ஒழுங்காகத் தெரிவதில் அதற்கும் பங்கு உண்டு. "ஹார்ஃப்பஸ் காணவில்லை" என்று சிமேக் சொன்ன வரியை முன்பு எரிச்சலோடு பார்த்தவன், இப்போது அந்தப் பெயரை இன்னொரு முறை வாசித்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இல்லை என்ற பதில் நான்கு இடத்தில் வரும். சிமேக்கில் வந்தால் டெவ் பெக்கேஜ். கம்பைல் நடக்கும்போது டொட் எச் ஃபைல் இல்லை என்று வந்தாலும் அதேதான். லிங்க் பண்ணுகிற கடைசிக் கட்டத்தில் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று வந்தால், பலகை கிடைத்தது, குசினி கிடைக்கவில்லை அல்லது பலகை ஒரு பதிப்பு, குசினி வேறு பதிப்பு. எல்லாம் முடிந்து ஓடும்போது ஷெயார்ட் லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று வந்தால் எல்டிடி கருவியிடம் கேமின் ஃபைலைக் கொடுங்கள், எது நொட் ஃபவுண்ட் என்று வரிசையாகக் காட்டும். கில்ட் என்று ஒரு சொல்லோடு கம்பைலர் செத்துப்போனால் அது வேறு, ரெம் போதவில்லை. நான்கு வேலையை ஒரே நேரத்தில் ஓட விட்டிருந்தால் ஒன்றாகக் குறையுங்கள். பிழை எந்த வரி என்று தெளிவாகப் பார்க்கவும் ஒற்றை வேலையே நல்லது.

செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது, அதை நான் செய்தவன். பழைய கேம் ஒன்று லிப்பிஎன்ஜி12 கேட்டது. என்னிடம் லிப்பிஎன்ஜி16 இருந்தது. 16ஐச் சுட்டி 12 என்று பெயர் வைத்து ஒரு இணைப்பு போட்டேன். கேம் உள்ளே பிஎன்ஜி12_0 என்ற முத்திரையைத் தேடி, காணாமல் நின்றது. பிறகு முன்பின் தெரியாத இடத்திலிருந்து அந்த ஃபைலை இறக்கி, ரூட் உரிமையோடு சிஸ்டம் ஃபோல்டருக்குள் போட்டேன். அடுத்த அப்டேட்டில் பெக்கேஜ்கள் ஒன்றோடொன்று மோதி, கடைசியில் மெஷினை அழித்துப் புதிதாகப் போட வேண்டி வந்தது. சேமித்து வைத்திருந்த படங்கள் சில போயின. அந்த எண் அழகுக்கு எழுதியதில்லை. எண் மாறினால் உள்ளே பேசுகிற முறையே மாறிவிட்டது என்று அர்த்தம். லைப்ரரியை ஆப்ட் வழியாகவே கேளுங்கள். கிடைக்காவிட்டால் சோர்ஸ் எடுத்து வீட்டு ஃபோல்டருக்குள்ளேயே கம்பைல் பண்ணுங்கள், சிஸ்டத்தைத் தொடாதீர்கள்.

மஃரிபுக்கு முன்னால் சிமேக்கில் ஒரே ஒரு சிவப்பு வரிதான் மிஞ்சியது. எஸ்டிகே-எசெட்ஸ் ஃபோல்டர் இல்லை. இது லைப்ரரி இல்லை. கார்கள், பாதைகள், பாட்டுகள் எல்லாம் கோடிலிருந்து தனியாக வேறு இடத்தில் இருக்கின்றன. எஸ்விஎன் என்ற கருவியால் இறக்கி, கோட் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் வைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான எம்பி. பகல் டேட்டாவைக் கரைக்க வேண்டாம், இரவு டேட்டாவில் விடு என்றேன். நடுவில் அறுந்தாலும் கவலையில்லை. எஸ்விஎன் கிளீன்அப், பிறகு எஸ்விஎன் அப்டேட், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகே போன் வந்தது. ஓடுகிறதாம். தங்கச்சிதான் முதல் பந்தயம் ஓட்டினாளாம். உடனே அடுத்த கேள்வி: காரின் வேகத்தைக் கூட்ட வேண்டும், மறுபடியும் முழுவதையும் கம்பைல் பண்ண வேண்டுமா?

வேண்டாம். டேட்டா ஃபோல்டருக்குள் கார்ட் கெரக்டரிஸ்டிக்ஸ் என்று ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு கொப்பி எடுத்து வை. பிறகு எஞ்சின் என்று தொடங்குகிற பகுதியைத் திற, மெக்ஸ்-ஸ்பீட் என்ற இடத்தைப் பார்.